ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்

கேசரியில் கிடந்த கடைசி முந்திரியைக் கரண்டியால் துரத்திப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு, தெய்வசிகாமணி எழுந்து நின்று கை கூப்பினார்.

"அப்ப நாங்க உத்தரவு வாங்கிக்கறோம். ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்."

அவரோடு வந்த கூட்டத்தில் ஆளுக்கொரு கைபேசி இருந்தது. அவர் மகன், மாப்பிள்ளை சுபாஷிடம் இரண்டு இருந்தன. வடக்கனந்தலிலிருந்து மணலூர்பேட்டைக்குக் கார் போய்ச் சேர்வதற்குள் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றை நூறு தடவை சொல்லிவிடலாம். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லும் அந்த வாக்கியம் மட்டும் அஞ்சலட்டைக் காலத்தோடு நின்றுபோயிருந்தது. லெட்டர் போடுகிறோம் என்றால் லெட்டர் வராது. வராத லெட்டர்தான் பதில். முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் துப்பில்லாதவர்கள் கூடிக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. தேவிப்ரியாவுக்கு அப்படி லெட்டர் போடப் போனவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள். அவர்கள் தின்றுவிட்டுப் போன கேசரியை அளந்தால் ஒரு அண்டா நிறையும்.

இந்த முறை ஒரு சிக்கல் இருந்தது. தெய்வசிகாமணி நிஜமாகவே லெட்டர் போடுகிற ஆள்.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு விவசாயிகளுக்குள் அவருக்கு அதுதான் பேர். தெருவிளக்கு எரியாவிட்டால் லெட்டர், ஆற்றில் தண்ணீர் வந்தால் நன்றி தெரிவித்து லெட்டர், சர்க்கரை ஆலைக்கு லெட்டர், பத்திரிகை ஆசிரியருக்கு லெட்டர். யார் வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும் அவரிடமிருந்து இரண்டு பக்கம் வந்துவிடும். கல்யாணத்துக்கு எழுதியதில் நாலு வார்த்தையை மாற்றினால் சாவுக்கும் ஆகும் என்று தேவிப்ரியாவின் மாமா கந்தசாமியே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். இந்த வரனைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"அவரு மத்தவங்க மாரி இல்லக்கா," என்றார் அக்காவிடம், கார் தெருமுனை திரும்பியதும். "போடறேன்னா போடுவாரு. கெவுருமெண்டுக்கே லெட்டர் போடற ஆளு."

தேவிப்ரியாவின் அம்மா லட்சுமியம்மாள் அதை நம்பினாள். நம்பியதால் காத்திருக்க வேண்டியதாயிற்று. தேவிப்ரியாவுக்கோ காத்திருக்க நேரமில்லை.

அவளுக்கும் ஒரு லெட்டர் வந்திருந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சிற்றூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் பள்ளியிலிருந்து. தமிழ் சொல்லிக்கொடுக்கவும் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கேட்டிருந்தார்கள். இவள் எழுதிப் போட்டாள். பதில் ஒரு அரைத்தாளில் வந்தது.

"வேலை உங்களுக்குத்தான். பள்ளி ஜூன் முதல் திங்களன்று திறக்கிறது. அன்று நீங்கள் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன், தப்பாக நினைக்க வேண்டாம். இங்கே விடியற்காலையில் நன்றாகக் குளிரும், கம்பளி எடுத்து வாருங்கள். முதல் பஸ்ஸில் ஏறி எங்கள் ஊர் விலக்கில் இறங்குங்கள். நான் நிற்பேன். நிர்மலா, தலைமையாசிரியை."

தேவிப்ரியா அந்த அரைத்தாளை ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலுக்குள் வைத்திருந்தாள். பனி கொட்டும் ஏதோ தேசத்தில், ஒரு லெட்டருக்காகக் குதிரை வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பற்றிய நாவல் அது. அந்த அறுநூறு பக்கத்தில் வரும் லெட்டர்களில்கூட ஒருவரும் இன்னொருவரிடம் கம்பளி எடுத்து வாருங்கள் என்று எழுதவில்லை. 'நான் நிற்பேன்' என்ற இரண்டு வார்த்தையை அவள் எத்தனையோ தடவை படித்துவிட்டாள்.

அவள் அப்பா வெங்கடேசன் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறவர். கெட்டவர் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் ஊருக்கு முன்பே யோசித்துவிடுகிறவர்.

"மலைக்குப் போயி வேல பாக்கறான்னு தெரிஞ்சா வந்த வரன் பூடும். மணலூர்பேட்டைக்காரங்க வாயால ஆமாம், இல்லன்னு ஒரு பதில் வரட்டும். அப்புறம் நீ போ."

"இல்லன்னு சொன்னா போலாமா?"

"சொல்லட்டும். சொன்னா தாராளமா போ. நானே கொண்டாந்து பஸ் ஏத்தறேன்."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

கந்தசாமி குறுக்கே விழுந்தார். "இன்னாம்மா நீ, பொண்ணு வூட்லந்து போன் போடறதா? அப்புறம் நம்ம மரியாத இன்னா ஆவறது?"

மரியாதை என்பது, யாரும் எதையும் யாரிடமும் கேட்காமல் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று அன்றைக்கு அவளுக்குத் தெளிவானது.

மே மாதம் பாதி கழிந்து தெய்வசிகாமணியின் லெட்டர் வந்தது. லட்சுமியம்மாள் அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்துத்தான் பிரிக்கவிட்டாள். இரண்டு தாள், நாலு பக்கம். வெங்கடேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"பேரன்புமிக்க பெருந்தகையீர், இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் தங்கள் குடும்பத்தார் நலனறிய ஆவல். நிற்க. சென்ற ஞாயிறன்று தங்கள் இல்லம் ஏகி, தாங்கள் உவந்தளித்த சிற்றுண்டியையும் நறுமணம் கமழும் காபியையும் அருந்தி மகிழ்ந்த அத்தருணம் எங்கள் நெஞ்சக் கல்வெட்டில் நீங்காது பொறிக்கப்பட்டுவிட்டது என்பதை இம்மடல் வாயிலாகத் தெரிவிப்பதில்..."

மூன்றாம் பக்கத்தில் பருவமழை வந்தது. நான்காம் பக்கத்தில் இல்லறம் என்பது இரு மாடு பூட்டிய வண்டி என்று வந்தது. 'நிற்க' என்று பல இடங்களில் எழுதியிருந்தார். ஓரிடத்திலும் அவர் நிற்கவில்லை. கடைசியில், "மேற்கொண்டு குடும்பத்தாருடன் கலந்தாலோசித்து விரிவான மடல் பின்னர் வரையப்படும்" என்று முடிந்தது. கீழே முத்திரை. தெய்வசிகாமணி முத்திரை வைத்திருந்தார்.

வெங்கடேசன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இன்னாதான் சொல்றாரு?"

"காபி நல்லா இருந்துதாம்," என்றாள் தேவிப்ரியா.

"கிண்டல் பண்ணாதடி," என்றாள் லட்சுமியம்மாள். "எவ்ளோ பெரிய லெட்டரு. புடிக்கலன்னா இவ்ளோ எழுதுவாங்களா?"

"எருமைக்கு சினை புடிச்சிருக்குதான்னு கேட்டாலும் அவரு இவ்ளோதாம்மா எழுதுவாரு."

அன்று மத்தியானம் அவள் ஒரு குயர் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனிதருக்கு வேண்டாம் என்று எழுதத் தெரியவில்லை. வேண்டும் என்றும் எழுதத் தெரியவில்லை. சரி, நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். கையெழுத்து மட்டும் போடட்டும். முத்திரையும் வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் அவருடைய நடையிலேயே எழுதிப் பார்த்தாள். "நற்குல நங்கையாம் தங்கள் திருமகளைக் கரம்பற்றும் பேறு எம் மைந்தனுக்கு வாய்க்காமை விதியின் விளையாட்டன்றோ" என்று போய்க்கொண்டிருந்தது. கை தானாக ஓடியது. இதை எழுத மூளை தேவையில்லை என்பதைக் கண்டுகொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டாள். அவர் பெயரில்தான் போகிறது என்றாலும், தன் கையால் ஒரு மோசமான லெட்டர் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அது அகங்காரம். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

மறுபடி எழுதினாள்.

"அன்புள்ள வெங்கடேசன் அவர்களுக்கு,

உங்கள் பெண்ணை எங்கள் மகனுக்குப் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் பெண்ணிடம் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை. இருவருக்கும் ஒத்துப்போகாது என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். எங்களுக்காக நீங்கள் அன்றைக்குக் காட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தீர்கள். அதற்கு ஈடாக நாங்கள் செய்யக்கூடியது, உங்களைக் காக்க வைக்காமல் பதில் சொல்வது. அதையே தாமதமாகத்தான் செய்கிறோம். எங்கள் காரைத் திருப்பும்போது உங்கள் வாசல் முருங்கையில் ஒரு கிளை ஒடிந்தது. பூவும் பிஞ்சுமாக இருந்த கிளை. பார்த்தும் பார்க்காதது போல வந்துவிட்டோம். அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,"

அதற்குக் கீழே இடம் விட்டாள். முருங்கைக் கிளையை எழுதாமல் விட்டிருக்கலாம். காரியத்துக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த இடத்தில்தான் லெட்டர் உயிர் பெற்று எழுந்தது போல அவளுக்குத் தோன்றியது. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு துண்டுத்தாளில், "ஐயா, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பதிலை நானே எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு இத்துடன் உள்ள கவரில் அனுப்பிவிடுங்கள். தேவிப்ரியா" என்று எழுதி, ஸ்டாம்ப் ஒட்டித் தன் அப்பாவின் விலாசம் எழுதிய கவரையும் உள்ளே வைத்து, தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். எவ்வளவு பொறுப்பற்ற மனிதனும் ஒட்டிய ஸ்டாம்பை வீணாக்கமாட்டான் என்று நம்பினாள்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது கந்தசாமியின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூட நிற்காமல் உள்ளே ஓடிவந்தார்.

"அக்கா! முடிஞ்சிபோச்சி! அவங்களுக்கு முழு சம்மதம்! ஞாயித்துக்கெழம வந்து பூ வெக்கறாங்களாம்!"

"அய்யோ, அய்யனாரப்பா!" லட்சுமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாம் நம்ம புள்ள எழுதன லெட்டருக்காவத்தான். மனுசன் டீக்கடையில நின்னுக்கினு எல்லாருக்கும் படிச்சிக் காட்டறாரு. 'யோவ், வேணாம்னு எழுதறதையே இவ்ளோ அழகா எழுதறாளே, வேணும்னு எழுதனா எப்டி இருக்கும்'ங்கறாரு. அந்த முருங்கக் கெளய படிக்கறப்ப குரலே ஒடைஞ்சி போச்சி அவருக்கு."

தேவிப்ரியா எழுந்து வந்தாள்.

"மாமா, அதுல வேணாம்னு எழுதியிருந்தேன்."

"ஆமாம்மா. அதத்தான் சொல்றாரு. அவ்ளோ அழகா."

வெங்கடேசன் மகளைப் பார்த்தார். எனக்குத் தெரியாமல் நீ எப்படி எழுதலாம் என்று கேட்க வாயெடுத்தவர், விளைந்த காரியம் நல்லதாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவள் மணலூர்பேட்டையை விடத் தன்னைத்தான் அதிகம் வெறுத்தாள். கிழித்துப்போட்ட அந்த நற்குல நங்கையையே அனுப்பியிருந்தால், தான் எழுதியதாகவே நினைத்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பெருமைக்கு எழுதினாள், இப்போது பூவைத்துப் பொட்டிட வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கார் வந்தது. இந்த முறை முருங்கை மரத்தைச் சுற்றி, ஏதோ கோயில் மரத்தைச் சுற்றுவது போல, பவ்வியமாகத் திருப்பி நிறுத்தினார்கள். தெய்வசிகாமணி இறங்கியதும் ஒடிந்த கிளையின் காயத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். அவளுடைய லெட்டர். லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

"சம்பந்தி, நாப்பது வருசமா எழுதிக்கினு இருக்கேன். எனக்குப் பொறவு யாருன்னு ஒரு கவல இருந்துச்சி. எம்புள்ளைக்கு ஒரு வரி வராது. இனிமே கவல இல்ல." தேவிப்ரியா பக்கம் திரும்பினார். "கண்ணு, நெறய வேல கெடக்குது. ஆலைக்கு ஒண்ணு எழுதணும். பாலத்துக்கு கலெக்டருக்கு ஒண்ணு. எங்க பெரியப்பா வூட்டாரு நெலத்தகராறுல பேச்சில்லாம கீறாங்க, அவங்களுக்கு உருக்கமா ஒண்ணு. அப்புறம் எம் வாழ்க்க வரலாறு. நீ எழுது, கீழ நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

"அதுக்கு டைப்பிஸ்ட் வெச்சிக்கலாமேங்க," என்றாள் தேவிப்ரியா.

"டைப்பிஸ்டுக்கு மாசாமாசம் குடுக்கணுமே," என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். கந்தசாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளைப் பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் பின்பக்கம் அனுப்பினார்கள். மக்காச்சோளக் கதிர் காயப்போட்டிருந்த களத்தோரம் சுபாஷ் ஒரு கைபேசியைப் பையில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். பிறகு அதையும் வைத்தான்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? அந்த லெட்டருல வேணாம்னுதான எழுதியிருந்தீங்க?"

அவள் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த ஒருவன் இருந்தான்.

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் புரிஞ்சிது."

"புரிஞ்சுதுன்னா உங்கப்பாகிட்ட சொல்லலியா?"

"அவருகிட்ட எப்பிடிங்க சொல்றது?" என்றான் சுபாஷ், அவள் ஏதோ ஆற்றின் குறுக்கே நடக்கச் சொன்னது போல. "அவரு ரொம்ப சந்தோசமா இருந்தாரு. நானும் சரின்னு வந்துட்டேன். பஜ்ஜி நல்லா இருந்துதுங்க."

ஒரு நிமிடம் அவன் மேல் எழுந்த மதிப்பு அங்கேயே களத்தில் விழுந்து, கதிரோடு கதிராகக் காய்ந்தது. புரியாதவனை மன்னிக்கலாம். புரிந்துகொண்டு பஜ்ஜி தின்கிறவனை என்ன செய்வது?

கூடத்துக்குத் திரும்பியபோது தாம்பாளத்தில் பூ தயாராக இருந்தது. தெய்வசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாங்கல்லாம் பழைய காலத்து ஆளுங்க இல்ல. பொண்ணு வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் பூ வெப்போம். சொல்லு கண்ணு. உனக்கு சம்மதம்தான?"

இந்தக் கேள்விக்குப் பெண் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் சம்மதம். தேவிப்ரியா குனியவில்லை. கை கூப்பினாள்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடறேங்க."

யாரோ காபி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"எந்த ஊருக்கு?" என்றார் தெய்வசிகாமணி, ஒன்றும் விளங்காமல்.

"மலைக்கு. நாளைக்கு வேலையில சேரணும். அங்க போயி, எல்லாரையும் கலந்து பேசி, விரிவா எழுதறேங்க."

அவருக்கு விளங்க ஆரம்பித்தது. காதிலிருந்து சிவப்பு ஏறி முகம் முழுக்கப் பரவியது. பல வாசல்களில் நின்று கை கூப்பிச் சொன்ன வார்த்தையை முதல்முறையாகக் காதால் கேட்கிறார்.

"இன்னாய்யா வெங்கடேசன், பொண்ணு வளத்து வெச்சிருக்கற லட்சணம்? எங்கள வரவெச்சி அவமானப்படுத்தறீங்களா?"

"அவமானம் இல்லங்க," என்றாள் தேவிப்ரியா. "உங்க கையிலதான் பதில் இருக்குது. நான் எழுதனதுலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நீங்களே எங்கள வேணாம்னு சொன்னதா இருக்கட்டும். உங்க மரியாதைக்கும் ஒண்ணும் கொறயாது."

யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, லெட்டரை மடியில் வைத்து, அவள் விட்டிருந்த இடத்தில் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு புள்ளிகூட விழவில்லை. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். பிளாஸ்டிக்கில் மை முத்து முத்தாகத் திரண்டு அவர் வேட்டியில் இறங்கியது. சுபாஷ் தன் பேனாவை நீட்டினான். அதுவும் வழுக்கியது.

"நகத்தால பிரிச்சிப் பாருங்க," என்றார் கந்தசாமி, உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்.

தெய்வசிகாமணி நகத்தால் பிறாண்டினார். பல்லால் ஓரத்தைக் கடித்தார். மணலூர்பேட்டைக் கடைக்காரன் நல்ல வேலைக்காரன், ஒரு மூலைகூடப் பெயரவில்லை. நாற்பது வருடமாகத் தாள் தாளாகக் கையெழுத்துப் போட்டவர், கடைசியில் லெட்டரைத் தூக்கித் தாம்பாளத்துப் பூவின் மேல் எறிந்துவிட்டு எழுந்தார்.

"இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம்! போதுமா? வேணாம்!"

நிற்க இல்லை, பருவமழை இல்லை, மாட்டு வண்டி இல்லை. அவர் வாழ்நாளில் இதைவிட நல்ல லெட்டர் எழுதியிருக்கமாட்டார் என்று தேவிப்ரியாவுக்குத் தோன்றியது.

"அப்பா," என்றாள். "பதில் வந்துடுச்சி."

கார் போனபோது முருங்கையில் இன்னொரு கிளை ஒடிந்தது. இம்முறையும் யாரும் இறங்கவில்லை. கந்தசாமி விழுந்து கிடந்த கிளையைப் பார்த்தபடி, "இனிமே வேற வரன் கேட்டு வர்றவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்று புலம்பினார்.

"நீங்களும் லெட்டர் போடுங்க மாமா. படிக்கவா போறாங்க?"

மறுநாள் விடிவதற்கு முன்பே வெங்கடேசன் பரண்மேல் ஏறி, தும்மிக்கொண்டே ஒரு கம்பளியைத் தேடி எடுத்தார். லட்சுமியம்மாள் மிச்சமிருந்த கேசரியை ஒரு டப்பாவில் அடைத்து, யாரையோ திட்டிக்கொண்டே மகளின் பையில் திணித்தாள். வெங்கடேசன் சொன்னபடி அவரே கொண்டுபோய் வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் புறப்படும்போது ஜன்னலருகில் வந்து நின்றார்.

"போனதும் லெட்டர்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "போன் பண்ணு."

கோமுகி அணையைக் கடந்து வண்டி மலையேறத் தொடங்கியதும் குளிர் உள்ளே வந்தது. தேவிப்ரியா கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து, வெள்ளிமலையும் தாண்டி, நடத்துநர் ஊர் விலக்கின் பெயரைச் சொல்லிக் கூவினார். மூடுபனிக்குள் கைப்பையை இடுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தாள்.